ஒரு பெருவிரலும் பதினோரு பேரும்

நாள் 61 | 08:10 | பின்தளம், பண்டக அறை

பதிவர்: பிலோமினா மச்சாது, பண்டகக் காப்பாளர். வெளியே கழித்தல் 139 பாகை. காற்றழுத்தம் சரி. கசிவு இல்லை.

இந்தக் குறிப்பேடு யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். வியாழனின் நிலவான கலிஸ்டோவின் பனிக்கு அடியில் இருக்கும் இந்த முகாமின் பெயர் ஐந்தாம் முனை. முனை என்பது இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளித் திறந்தவெளியில் வெட்டிய ஒரு குழி. அதில் ஒரே ஒரு வீரர் இருக்கிறார். பெயர் உச்சிமாகாளி, வயது இருபத்தாறு. அவருக்குப் பின்னால் நாங்கள் பதினோரு பேர்: முகாம் அதிகாரி, டாக்டர், சமையலர், மெக்கானிக், எழுத்தர், மின்பணியாளர், சலவையாளர், முடிதிருத்துநர், ரேடியோக்காரர், ஊக்க அலுவலர், நான். சண்டை போடும் ஒருவருக்குப் பதினோரு பேர் என்பது விதி. இந்த எண் எப்படி வந்தது என்று கையேட்டில் இல்லை. பன்னிரண்டு இருக்கை கொண்ட ஊர்தியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்பப் போரைத் திட்டமிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

குழியில் ஒரு பெட்டி இருக்கிறது. முந்தைய போரில் பல முகாம்கள் இல்லாத வீரர்களின் பெயரில் சாப்பிட்டும் மூச்சுவிட்டும் வந்தன. அதைத் தடுக்க ரேஷன் கடை முறையைக் கொண்டுவந்தார்கள். நாள்தோறும் காலை 09:00 மணிக்கு முனை வீரர் கையுறையின் பெருவிரல் மூடியைக் கழற்றி, வலது பெருவிரலைப் பெட்டியின் காற்றுப் புகாத இடுக்கில் ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். ரேகையும் நாடித்துடிப்பும் பொருந்தினால் முகாமின் காற்றுக் கிடங்கு பன்னிரண்டு பேருக்கு ஒரு நாள் காற்றைத் திறந்துவிடும். விரல் வராவிட்டால், கடைசியாக வைத்ததிலிருந்து முப்பத்தாறு மணி நேரம் பொறுக்கும். பிறகு பூட்டிக்கொள்ளும். தொடர்ந்து ஒன்பது முறை ரேகை தவறினாலும் பூட்டிக்கொள்ளும். ஊரில் ரேகை விழாவிட்டால் அரிசி மட்டும்தான் கிடைக்காது.

பொருள் வண்டிக்கும் இதே முறைதான். வண்டி தானாக உருண்டு குழிக்குப் போகும், தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். வீரர் விரல் வைத்தால்தான் விளக்கு அணைந்து மூடி திறக்கும்.

ரேடியோ, 08:02.
உச்சிமாகாளி: "யக்கா, இன்னைக்கு எத்தன வண்டி?"
நான்: "அஞ்சு. காலுறை, சூப்பு, முடிவெட்டுற மெஷின், டாக்டரோட படிவம், ஊக்கப் பிரிவு வாழ்த்து."
"வாழ்த்து எதுக்கு?"
"அறுபது நாள் முடிச்சதுக்கு."
"பதினோரு பேரும் என்னைக் கவனிக்கிற கவனிப்புல சண்ட போட நேரமில்லக்கா. வெரல வெச்சு வெச்சே ரேகை தேஞ்சிரும் போலிருக்கு."

எதிரியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. நிவாரணக் கப்பல் 90ஆம் நாள் வரும். சமையலர் மொகுதூம் பாயிடம் முட்டைத்தூளில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பு மக்ரூன் செய்ய வருமா என்று இன்றும் கேட்டேன். தூத்துக்குடிக்காரர்களுக்கு வேறு கவலையே கிடையாது என்று அவர் எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

09:01. விரல் வந்தது. காற்று வந்தது.

நாள் 64 | 14:35 | பின்தளம்

பீரங்கித் தாக்குதல், பதினெட்டு நிமிடம். ஒரு குண்டு ரேடியோ அறையின் கூரையில் ஓர் அடி அகலத்துக்கு ஓட்டை போட்டது. உள்ளே ரேடியோக்காரர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். அழுத்தம் வெளியேறிய வேகத்தில் அவரும் முடிதிருத்துநரும் ஒரே சமயத்தில் அந்த ஓட்டை வழியாகப் போயிருக்கிறார்கள். ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் இடுப்பு வரை போய் ஓட்டையை அடைத்துக்கொண்டார். அதனால்தான் நாங்கள் மீதிப்பேர் உயிரோடு இருக்கிறோம். டாக்டர் வைத்தீஸ்வரி அவரை எடுக்க வேண்டாம், மேலே பசை பூசிவிடலாம் என்றார். பூசினோம்.

ரேடியோ எனக்குக் கூடுதல் பொறுப்பு. அதிகாரி வரதராஜுலு ஆணையைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நான் கருவியிலிருந்த ரத்தத்தைத் துடைத்து முடித்திருந்தேன்.

முனைக்குழிக்கு முன்னாலிருந்த பனிச்சுவர் இடிந்துவிட்டது. இது சிக்கல். எதிர்த்தரப்பின் மேட்டில் ஒரு தானியங்கித் துப்பாக்கி இருக்கிறது. எங்கள் மேட்டிலும் அதே மாதிரி ஒன்று அவர்கள் பக்கம் பார்த்து நிற்கிறது. இரண்டும் விளக்கு வெளிச்சத்தைத் தேடுகிறவை. வெளிச்சம் தெரிந்தால் நாற்பது விநாடி உறுதிசெய்துவிட்டுச் சுடும், யாருடைய விளக்கு என்று பார்ப்பதில்லை. எங்களுடையதை நிறுத்துவதற்கும் முனை வீரரின் பெருவிரல்தான் வேண்டும். இத்தனை நாள் வண்டி விளக்கைப் பனிச்சுவர் மறைத்திருந்தது.

சுவரை மறுபடி எழுப்ப அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.

நாள் 66 | 09:20 | பின்தளம்

இன்று ஏழாவது முயற்சியில்தான் ரேகை விழுந்தது. இன்னும் மூன்று தவறியிருந்தால் கிடங்கு பூட்டியிருக்கும். குளிரில் உச்சிமாகாளியின் விரல்முனை வெடித்திருக்கிறது. டாக்டர் களிம்பு எழுதித் தந்தார். நான் கையால் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். பண்டகக் காப்பாளர் முனைக்குப் போக விதியில் இடமில்லை என்றார் வரதராஜுலு. வண்டியில் அனுப்பினேன், சுவர் இடிந்த பிறகு முதல் வண்டி. பனிச்சுவர் நினைவிருந்தது. வண்டி விதியும் நினைவிருந்தது. இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

நாள் 66 | 11:40

ரேடியோ, 11:21.
உச்சிமாகாளி: "யக்கா, வண்டி வந்து நிக்கி. முன்னாடி செவரு இல்ல பாத்துக்கிடுங்க. வெளக்க அணைங்க."
நான்: "இங்கேருந்து முடியாதுப்பா. வெரல வை, அணைஞ்சிரும்."
"வெச்சேன். மீண்டும் முயலவும்ங்கு."
"தொடச்சிட்டு வை."
"எதுல தொடைக்க? எல்லாம் ரத்தமா இருக்கு. மறுபடியும் அதையே சொல்லுது. என்னத்த அனுப்பியிருக்கீய?"
"வெரலுக்குக் களிம்பு."

அவன் சிரித்தான். நன்றாக, வாய்விட்டு.

"களிம்பு போட்டாத்தான் ரேகை விழும். ரேகை விழுந்தாத்தான் களிம்பு கெடைக்கும். யக்கா, உங்க ஆபீஸ்ல இதுக்கு..."

முதல் குண்டு தலைக்கவசக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி உடைந்தால் ரேடியோவில் ஒரு சீழ்க்கை கேட்கும், காற்று தீரும்வரை. பதினோரு விநாடி கேட்டது. அதற்குள் அவன் ஏதோ சொல்ல முயன்றான். வண்டியில் அடுத்த மூன்று குண்டுகள். விளக்கு அணைந்தது.

நாடி: இல்லை.

நான்தான் அனுப்பினேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை.

நாள் 67 | 13:30

மாற்று வீரரை அனுப்பும்படி தலைமையகத்துக்குச் செய்தி போயிற்று. பதில் வர மூன்று நாள் ஆகும். கிடங்கு முப்பத்தாறு மணியில் பூட்டிக்கொள்ளும். வரதராஜுலு கூட்டம் போட்டார். எங்களில் ஒருவரின் விரலைப் பதிவு செய்யலாமே என்றார் எழுத்தர். முனை வீரரைத் தலைமையகம் மட்டுமே நியமிக்க முடியும், விரலைப் பெட்டிக்கு அறிமுகப்படுத்தும் சாவி அவர்களிடம்தான் உண்டு.

மெக்கானிக் இசக்கியம்மாள் தன் அறுப்பானை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் அவளிடம் வெப்பப்பெட்டி, உப்புநீர், ரத்தம் ஏற்றும் கைப்பம்பு மூன்றையும் கொடுத்தார்.

ரேடியோ, 12:48.
இசக்கியம்மாள்: "ஆளு கல்லா இருக்கான் டாக்டரம்மா. கைய மடக்க முடியல."
டாக்டர்: "முழு ஆளை உருக்கச் சூடு போதாது. விரலுக்கு மட்டும் போதும். இரண்டாவது கணுவுக்குக் கீழே அறுங்க."
"அறுத்தாச்சு. மரக்கட்ட மாதிரிதான் போச்சு."
"குழாயைச் சொருகுங்க. விநாடிக்கு ஒரு அமுக்கு. கொஞ்சம் கூட்டிக் குறைச்சு அமுக்குங்க, மிஷின் மாதிரி அமுக்கினா கண்டுபிடிச்சிடும்."
"யக்கா, பிலோமியக்கா, கேக்கியளா? அவன் வெரலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மணவறையில கையப் புடிச்ச மாதிரி."

12:57. பெட்டி ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு பேருக்குக் காற்று. நாங்கள் ஒன்பது பேர் சுவாசிக்கிறோம்.

இசக்கியம்மாள் குழியிலேயே தங்கிவிட்டாள். செத்த வீரன் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

நாள் 70 | 10:15

தலைமையகத்தின் பதில், முழுமையாக:

"வீரர் உச்சிமாகாளி இறந்ததாக நீங்கள் அனுப்பிய தகவல் தவறானது. அவரது பெருவிரல் நாள் 67, 68, 69 ஆகிய தேதிகளில் முறையாகப் பெறப்பட்டுள்ளது. எனவே மாற்று வீரர் தேவை எழவில்லை. தடையில்லா வருகைக்காக அவருக்குப் பாராட்டுப் பதக்கம் வழங்கப்படுகிறது. தவறான தகவல் அளித்தவர் விளக்கம் தரவும்."

நாங்கள் பிழைக்கக் கண்டுபிடித்த வழியே உதவி வரும் வழியை அடைத்துவிட்டது. விரல் வைக்காவிட்டால் சாவோம். வைத்தால் அவன் சாகவில்லை. விளக்கத்தை எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாள் 71 | 16:00

தலைமையகம்: "உச்சிமாகாளியின் செயல்பாடு நிறைவளிக்கிறது. அவர் 72 மணி நேரத்துக்குள் முன்னேறி, 600 மீட்டர் தொலைவில் உள்ள எதிரியின் முனைக்குழியைக் கைப்பற்றி அங்கிருந்து விரல் வைக்க வேண்டும். தவறினால் ஐந்தாம் முனை செயலற்றதாகக் கருதப்பட்டுக் கிடங்கு பூட்டப்படும்."

பெட்டிக்குத் தான் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஏமாற்ற முடியாது. அந்த விரலை யாராவது 600 மீட்டர் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டையிட்டாக வேண்டும்.

சண்டையிடத் தெரிந்தவர் எங்களிடம் ஒருவர் இருந்தார்.

நாள் 73 | 11:50

புறப்பட்டவர்கள் நால்வர்: இசக்கியம்மாள், சலவையாளர் லூர்து, மின்பணியாளர், ஊக்க அலுவலர் சித்திரபுத்திரன். 09:00க்குப் பழைய குழியிலேயே கடைசியாக விரல் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். விளக்கு கிடையாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஊர்வது என்று முடிவு.

ரேடியோ, 10:31.
லூர்து: "பாதி வந்தாச்சு. ஒண்ணும் சுடல."
சித்திரபுத்திரன்: "தோழர்களே, ஒரு நிமிஷம் நில்லுங்க. முன்னேற்றத்தைப் படம் எடுத்து அனுப்பணும். ஊக்கப் பிரிவு விதி இருபத்திரண்டு."
இசக்கியம்மாள்: "எலே, கேமராவப் போடாத. அதுல வெளக்கு..."
சித்திரபுத்திரன்: "சின்ன விளக்குதாங்க. எல்லாரும் இங்க பாருங்க."

இருட்டில் ஊர்ந்து வந்தவர்கள் கண் கூசி நின்றுவிட்டார்கள். அவனும் சரியான கோணத்துக்காக நேரம் எடுத்துக்கொண்டான். நாற்பது விநாடி நீண்ட நேரம். நான் கத்தினேன். இசக்கியம்மாள் கத்தினாள். அணைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோதே சித்திரபுத்திரனின் கை மணிக்கட்டோடு போயிற்று, கேமராவும் போயிற்று. ஆனால் விளக்கு அந்தக் கையிலேயே எரிந்தபடி மெதுவாகச் சுழன்று விழுந்தது. இங்கே எதுவும் வேகமாக விழாது. அது விழும் வழியிலெல்லாம் துப்பாக்கி சுட்டுக்கொண்டே போயிற்று. மின்பணியாளருக்கு மார்பில். லூர்துவின் உடை தொடையிலிருந்து கழுத்துவரை கிழிந்தது. வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல ஆவி வந்தது என்றாள் இசக்கியம்மாள். சித்திரபுத்திரன் கடைசியாகச் சொன்னது தன் அம்மாவின் பெயரை.

இசக்கியம்மாள் பின்னால் பெட்டியோடு வந்ததால் பிழைத்தாள். வயிற்றில் ஒரு சில்லு. ஒட்டுப் போட்டுக்கொண்டாள். இன்னொரு சில்லு வெப்பப்பெட்டியில். உச்சிமாகாளியின் விரல் சிதைந்துவிட்டது.

கிடங்கு நாளை 21:00 மணிக்குப் பூட்டும்.

நாள் 73 | 12:40

திரும்பி வர அவளிடம் வலுவில்லை. எதிரியின் குழிதான் பக்கம். பனிக்கோடரியோடு அதற்குள் விழுந்தாள். ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். கழுத்தில் இரண்டு வெட்டு. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரத்தம் உறைந்து மணிமணியாகக் குழிக்குள் மிதந்து இறங்கியது என்றாள்.

ரேடியோ, 12:22.
இசக்கியம்மாள்: "யக்கா... இவன் கையில துப்பாக்கி இல்லக்கா."
நான்: "பின்ன?"
"பம்பு."

 அவளே சொன்னாள்.

"இங்க ஒரு பட்டாளத்துக்காரன் செத்துக் கெடக்கான். ரொம்ப நாளாச்சு போல. மூஞ்சியில குண்டு. பக்கத்துல ஒரு வண்டி ஒடஞ்சு கெடக்கு, உள்ள கம்பளிக் காலுறை. பெருவெரலக் காணும். வெரலு இந்தா, இவன் பம்புல இருக்கு. நம்ம பெட்டி மாதிரியே ஒரு பெட்டி. யக்கா, நான் யாரக் கொன்னேன்?"

அப்போது அந்தக் குழியின் ரேடியோ பேசியது. அவளுடைய ஒலிவாங்கி வழியாக எனக்கும் கேட்டது. ஒரு பெண் குரல். தமிழ்.

"தங்கையா அண்ணே, சாயங்காலம் நாலு மணிக்கு வெரல் வைக்கணும், ஞாபகம் இருக்கில்ல? சாப்டீங்களா?"

எங்களை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட முகவர் அந்தப் பக்கத்துக்கும் ஆள் சேர்த்திருக்கிறார். அவர் வியாபாரி, போரில் அவருக்குத் தரப்பு இல்லை. மேட்டின் இரு புறமும் வீரர்கள் முடிந்துவிட்டார்கள். ஒரு வாரமாக இரண்டு சமையலறைகள் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றன.

நாள் 73 | 16:10

ரேடியோ, 13:15. அந்தப் பெண் அவர்களுடைய பண்டகக் காப்பாளர். பெயர் மங்களேஸ்வரி.

இசக்கியம்மாள்: "உங்க ஆளு இனி பேச மாட்டாரு. நான் எதிர்ப்பக்கம். நான்தான் வெட்டினேன்."



மங்களேஸ்வரி: "அவரு எங்க சமையல்காரரு."
இசக்கியம்மாள்: "தெரியாது தாயி."
மங்களேஸ்வரி: "தெரிஞ்சா மட்டும்?... வெரலு நல்லாருக்கா?"
"நல்லாருக்கு."
"நாலு மணிக்கு வைப்பியா?"

வரதராஜுலு என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

வரதராஜுலு: "இசக்கியம்மாள், அந்த விரலை உடனே அழிக்கணும். எதிரியோட காற்று விநியோகத்தைத் துண்டிக்கிறோம். இது நம்ம முனையின் முதல் வெற்றி."
இசக்கியம்மாள்: "அப்படியா சார்? நீங்களே வந்து நசுக்குங்க. மூணே முக்கால் கிலோமீட்டருக்குக் கொறச்சல்தான். வாறப்போ வெளக்கு எடுத்துட்டு வாங்க, பாதை தெரியும்."

16:00 மணிக்கு அவள் விரல் வைத்தாள். எதிரிகள் எட்டுப் பேர் இன்றிரவும் சுவாசிப்பார்கள்.

நாள் 74 | 07:30

கணக்கு எளிது. அவர்களுடைய கிடங்கும் பன்னிரண்டு பேருக்குத் திறக்கிறது. அவர்கள் எட்டுப் பேர். நான்கு பேருக்கு இடம் இருக்கிறது என்று மங்களேஸ்வரி சொன்னாள். அதில் ஒருவர் குழியிலேயே உட்கார்ந்து பம்பு அமுக்க வேண்டும். சமையல்காரரைக் கொன்றவர்களுக்கு அவள் ஏன் இடம் கொடுக்கிறாள் என்று கேட்டேன். அமுக்க அவர்களிடம் ஆள் இல்லை என்றாள். அதுதான் முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அதற்குமேல் கேட்கவில்லை.

தன்னைச் சேர்க்காமல் எண்ணச் சொன்னாள் இசக்கியம்மாள், வயிற்று ஒட்டு தாங்காதாம். டாக்டர், மொகுதூம் பாய், எழுத்தர், நான் கிளம்புகிறோம். வரதராஜுலு வரவில்லை. முகாமை ஒப்படைக்காமல் அதிகாரி வெளியேற முடியாது, ஒப்படைக்க எங்களில் ஒருவர் தங்க வேண்டும் என்றார். யாரும் தங்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

நாள் 74 | 15:20 | எதிர்த்தரப்பின் முனைக்குழி

இனிப் பேச்சுப்பதிவு. கை காலியாக இல்லை. என் உடைக்கருவியைப் பெட்டியோடு இணைத்திருக்கிறேன், அது சொல்வதும் ரேடியோவில் வருவதும் இதில் பதிவாகும்.

வரும் வழியில் லூர்துவைத் தாண்டினோம். சலவை செய்த வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

இசக்கியம்மாள் 14:05க்கு இறந்தாள். வயிற்றிலிருந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது. நாங்கள் வந்து சேர்ந்தபோது கண் மூடியிருந்தாள், பம்பு மட்டும் கையில் அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. அது விரல் வைக்கும் நேரம்கூட இல்லை. பழகிக்கொண்டிருந்தாளாம். என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே சீரா அமுக்கிராதீய" என்றாள். 

மற்ற மூவரும் அந்த முகாமுக்குப் போய்விட்டார்கள். தங்கையா, இசக்கியம்மாள், பெயர்ப்பட்டை தேய்ந்துபோன எதிர்த்தரப்பு வீரன் மூவரும் என்னோடு இருக்கிறார்கள்.

16:01. பெட்டி: "ரேகை சரி. துடிப்பு சரி. பன்னிரண்டு பேருக்குக் காற்று வழங்கப்பட்டது."

எட்டும் மூன்றும் பதினொன்று. முன்னால் நான் ஒருத்தி. விதி இத்தனை சரியாக நிறைவேறி நான் பார்த்ததில்லை.

நாள் 75 | 09:10

நேற்று 22:40க்கு வரதராஜுலு ரேடியோவில் வந்தார். பணியிடத்தை அனுமதியின்றி விட்டதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார். எழுத்துமூலம் தருகிறேன் என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது. வரிசை எண் போட மறக்காதீர்கள் என்றார். பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

காற்றுக் குப்பியை மங்களேஸ்வரியே நாளுக்கொரு முறை இருட்டில் சுமந்து வருகிறாள். இங்கும் பனிச்சுவர் இல்லை. எங்கள் மேட்டுத் துப்பாக்கி நேராக இந்தக் குழியைத்தான் பார்க்கிறது. அதை நிறுத்தக்கூடிய ஒரே விரல் சிதைந்துபோனது. ஆகவே வண்டி கூடாது, விளக்கு கூடாது. அவர்கள் வீரன் செத்ததும் காலுறை வண்டியால்தான்.

நாள் 77 | 16:20

ஐந்து முயற்சி ஆயிற்று.

எங்கள் தலைமையகத்திடமிருந்து உச்சிமாகாளிக்குக் குறிப்பாணை: "நாள் 74 முதல் விரல் வைக்கவில்லை. அனுமதியின்றிப் பணிக்கு வராதது ஏன்?" பதக்கத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

விரலின் தோல் உரிகிறது. டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்ல தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினேன். என் கையைவிட அந்த விரலை நன்றாகத் தெரியும் இப்போது. நகத்துக்குக் கீழே சின்னத் தழும்பு. சின்ன வயதில் கதவில் நசுங்கியிருக்கும்.

மொகுதூம் பாய்க்கு அங்கே உடனே வேலை கிடைத்துவிட்டது. அவர்களுக்குச் சமையலர் இல்லை அல்லவா.

ரேடியோ, 16:12.
மொகுதூம்: "பிலோமிம்மா, இங்க நல்ல அடுப்பு. முட்டத்தூளும் இருக்கு. முந்திரிகூட இருக்கு பாத்துக்க."
நான்: "சும்மா இரும் பாய். சிரிச்சா பம்பு தப்பிடும்."

நாள் 79 | 15:52

கப்பலுக்குப் பதினோரு நாள். தூங்கினால் விரல் உறையும். தூங்கவில்லை.

15:58. முதல் முயற்சி. பெட்டி: "மீண்டும் முயலவும்."

16:00. இரண்டு. மூன்று.

16:04. ஆறு. துடைத்துவிட்டு வைத்தேன். உச்சி, நான் துடைத்துவிட்டுத்தான் வைக்கிறேன் பார்.

16:06. எட்டு. "மீண்டும் முயலவும். ஒரு வாய்ப்பு மீதம்."

16:07. தோலைப் பல்லால் இழுப்பதுபோல இழுத்துச் சீராக்கி ஒட்டினேன். ஒன்பது. வைத்துவிட்டேன். பெட்டி: "ரேகை சரி. துடிப்பு பார்க்கப்படுகிறது. அறுபது விநாடி. விரலை எடுக்க வேண்டாம்."

விழுந்தது. விழுந்துவிட்டது.

ஏதோ வெளிச்சம்

16:07:15. வண்டி. வண்டி ஒன்று வந்து நிற்கிறது. நாலடி தள்ளி. விளக்கு முகத்தில் அடிக்கிறது. யார் அனுப்பியது? மங்களேஸ்வரி அனுப்பமாட்டாள். அவளுக்குத் தெரியும்.

மூடியில் சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருக்கிறது. பிலோமிக்கு மட்டும்.

பாய். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சமையலறை மூலையில் வண்டி சும்மா நின்றிருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கல்லவா தெரியும். மறுபடியும் நான்தான்

16:07:30. விரலை எடுத்து வண்டியில் வைத்தால் விளக்கு அணையும். எடுத்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும். பதினோரு பேர். பம்பை விட்டு எழுந்தாலும் அதேதான். விளக்கை மூட நாலடி. எட்டவில்லை. காலால் எட்டவில்லை.

இரண்டு இடுக்கு, ஒரு விரல்.

அமுக்குகிறேன். ஒரே சீராக இல்லாமல். ஒன்று. ஒன்று. ஒன்று.

மேட்டில் துப்பாக்கி திரும்புவது தெரிகிறது. நம்முடையதுதான். எண்ணெய் போட்டது இசக்கியம்மாள். நன்றாகத் திரும்பு

16:08:07. பெட்டி: "துடிப்பு சரி. பன்னிரண்டு பேருக்குக் காற்று வழங்கப்பட்டது. நாளை இதே நேரம் விரல் வைக்கவும்."

16:08:20. வண்டி: "பொருள் பெறுநர் விரல் வைக்கவில்லை. மீண்டும் முயலவும்."

16:09. ரேடியோ.
மொகுதூம்: "பிலோமிம்மா, வந்து சேந்துச்சா? அடி கொஞ்சம் கருகிருச்சு, கோவிச்சுக்காத. பிலோமிம்மா? சாப்புட்டுட்டுப் பேசு, அவசரமில்ல."

நாள் 80 | 13:15 | முனைக்குழி

பதிவர்: மொகுதூம், சமையலர். முனை, கூடுதல் பொறுப்பு.

எனக்கு இப்படியெல்லாம் பேசிப் பதிய வராது. இருட்டில் நடந்து வந்தேன். எல்லாம் மங்களேஸ்வரி சொல்லிவிட்டாள். துப்பாக்கி எப்படி, விளக்கு எப்படி, எல்லாம். நேற்றே கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பாள்.

அந்தப் பிள்ளையின் கை பம்பிலேயே இறுகிவிட்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். உடைந்தது ஒன்று. மன்னிக்கவும்.

டப்பா சல்லடையாகிவிட்டது. மக்ரூன் குழி முழுக்கக் கிடக்கிறது. வெள்ளையாக இருப்பதால் பனியில் தெரியவில்லை, கால் வைத்தால்தான் தெரிகிறது.

விரலைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு வைக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.